நம்பர் யார் பேரில்?

பைராம் தோட்டம், நிபோங் திபால்



நிபோங் திபால் பட்டணத்துக்கு வாரச் சாமான் வாங்கப் போகும்போது, சாலை ஓரமாக ஐந்து நிமிடம் நின்று வண்டிகளின் நம்பரை மட்டும் பாருங்கள். பினாங்கு நம்பர் ஒன்று போகும். அதன் பின்னாலேயே பேராக் நம்பர் வரும். இரண்டையும் முந்திக்கொண்டு ஒரு கெடா நம்பர் பறக்கும். கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராக்கைச் சேர்ந்த பாரிட் புந்தார், இன்னொரு மூலையில் கெடாவைச் சேர்ந்த பண்டார் பாரு, இந்தப் பக்கம் நாம். மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இடத்தில் குடியிருக்கிறோம். ஆகவே நம்பர் பிளேட்டைப் பற்றிப் பேச நம்மைவிடத் தகுந்தவர்கள் வேறு யார்?

"நம்பர் பிளேட்டுல பேச என்னாய்யா இருக்கு? கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து, அவ்வளவுதானே!" என்று சிலர் கேட்கலாம். அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நம்மவர்களில் பலபேர் காசை இழக்கிறார்கள், கையும் காலும் போன பிறகு கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டையும் இழக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் எழுத்து விஷயம். பினாங்குக்கு 'பி' போய்விட்டது. அதே எழுத்தில் தொடங்கும் பேராக், பகாங், பெர்லிஸ் மூன்றுக்கும் அது கிடைக்கவில்லை. பேராக்குக்கு 'ஏ', பகாங்குக்கு 'சி', பெர்லிசுக்கு 'ஆர்'. கெடா 'கே'யை வைத்துக்கொண்டிருப்பதால் கிளந்தானுக்கு 'டி'. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், திரெங்கானு ஆகியவை தங்கள் முதல் எழுத்தையே வைத்திருக்கின்றன. சிலாங்கூருக்கும் 'பி'தான், ஆனால் அது வேறு 'பி'. ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழ் வாயில் பினாங்கு 'பி'யும் சிலாங்கூர் 'பி'யும் ஒன்றாகவே விழும். கிளந்தான் 'டி'யும் திரெங்கானு 'டி'யும் அப்படித்தான். விபத்து நடந்து பதறிப்போய்ப் போலீசுக்குப் போன் செய்கிறவர், "பி-யிலே தொடங்குற லோரி சார்" என்றால் அவர்கள் எதைத் தேடுவார்கள்? "பினாங்கு பி", "சிலாங்கூர் பி" என்று மாநிலப் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதன் வண்டிகளுக்கு 'டபிள்யூ' வந்தது. அது நிரம்பியதும் இப்போது 'வி' ஓடுகிறது. டாக்சிக்கு முன்னால் 'எச்' இருக்கும், தகடும் தலைகீழாக, வெள்ளையில் கறுப்பு எழுத்து. இராணுவத்துக்கு 'இசட்'. 'ஐ', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகள் சாதாரண வரிசையில் வராது. ஒன்று, சைபர் என்ற எண்களோடு குழம்பும் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள். எண் 1-இல் தொடங்கி 9999 வரை போகும். முடிந்ததும் எழுத்து மாறும், பிறகு எழுத்து கூடும். அதனால்தான் பழைய வண்டிக்கு எழுத்து குறைச்சல், புது வண்டிக்கு மூன்று எழுத்து. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் அங்கே வேறு முறை பார்த்திருப்பீர்கள். 1989 முதல் 'டிஎன்' போட்டு, பக்கத்தில் ஊருக்கு ஓர் எண். 45 என்றால் திருச்சி, 49 தஞ்சாவூர், 55 புதுக்கோட்டை, 63 சிவகங்கை. தாத்தா பாட்டியின் ஊரை வண்டி நம்பரிலேயே கண்டுபிடித்துவிடலாம்!

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். 'பி' நம்பர் என்றால் வண்டி பினாங்கில் பதிவானது என்றுதான் அர்த்தம். அதன் சொந்தக்காரர் இங்கே இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பினாங்கு நம்பர் லோரி ஜொகூரில் ஓடும், ஜொகூர் நம்பர் மோட்டார் நம் லயத்து வாசலில் நிற்கும். ஆளை அடையாளம் காட்டுவது எழுத்து இல்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜேயில், அந்த நம்பருக்கு எதிராக எழுதியிருக்கும் பெயர்தான். நம் பெரியவர்கள் அந்த இலாகாவை 'ஆர்ஐஎம்வி' என்று சொல்வார்கள். 1958-ஆம் ஆண்டு சட்டம் போய், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1988 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. ஒரு வண்டி, ஒரு நம்பர், அந்த நம்பருக்குப் பின்னால் பதில் சொல்ல ஓர் ஆள்.

பணக்காரர்களுக்கு நம்பர் ஒரு விளையாட்டு. நல்ல நம்பரை ஜேபிஜே ஏலத்தில் விடுகிறது. 2012-இல் 'டபிள்யூ' மூன்று தடவை போட்ட 1-ஆம் நம்பர் 520,000 வெள்ளிக்குப் போனது. ஆம், ஐந்து லட்சத்து இருபதாயிரம்! அந்தக் காசுக்கு எத்தனை தோட்டத்துக் குடும்பங்கள் சொந்த வீட்டில் குடியேறலாம் என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும். போகட்டும், அவர்கள் காசு, அவர்கள் ஆசை. நம் கதைக்கு வருவோம்.

நம் தோட்டங்களில் மோட்டார் எப்படிக் கைமாறுகிறது? செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் பட்டணத்தில் தவணைக்கு மோட்டார் எடுக்கிறார். நாலு வருஷம் ஓட்டிவிட்டு மச்சானிடம் விற்கிறார். மச்சான் வேறு தோட்டத்துக்கு மாறும்போது பக்கத்து லயத்துத் தம்பிக்குக் கொடுக்கிறார். தம்பி அதைப் பாலிட்டெக்னிக் படிக்கும் பையனுக்கு எழுநூறு வெள்ளிக்குத் தள்ளிவிடுகிறான். நாலு கை மாறிவிட்டது. கிராண்டில் பெயர் யாருடையது? இன்னும் அந்த முதல் ஆளுடையதுதான்! "நம்ம ஆளுங்கதானே, அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவிட்ட அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

இதில் முதலில் அடிபடுகிறவர் விற்றவர். கேமராவில் சிக்கிய சம்மன் அவர் விலாசத்துக்கு வருகிறது. ஓட்டியது யார் என்று சொல்லவேண்டிய கடமை சட்டப்படி பதிவுப் பெயர்க்காரருக்கு உண்டு. "நான் வித்துட்டேன் சார்" என்றால், "யாரிடம்? எப்போது? எழுத்து எங்கே?" என்று கேட்பார்கள். சம்மனைக் கட்டாமல் விட்டுக் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், ரோட் டேக்ஸ், லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது கையை விரித்துவிடுவார்கள். அந்த மோட்டாரை வைத்துக்கொண்டு எவனாவது நகை பறித்தால், விடிகாலையில் போலீஸ் தட்டுகிற கதவு இவருடையது.

வாங்கியவர் நிலைமை அதைவிட மோசம். இன்சூரன்ஸ் என்பது வண்டிக்கு ஒட்டின ஸ்டிக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் ஆளோடு கம்பெனி செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஆள் வண்டியை விற்றுவிட்டார் என்றால், அந்த ஒப்பந்தத்தில் இனி அவருக்கு என்ன சம்பந்தம் என்று கம்பெனி கேட்கும். கேட்பதற்கென்றே அங்கே ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள். மோதியவனுக்கும் தலைவலி, மோதப்பட்டவனுக்கும் தலைவலி. கால் உடைந்து ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிற மனிதன், "வண்டி யார் பேரில்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வருஷக்கணக்கில் வக்கீல் ஆபீஸ் படி ஏறி இறங்குகிறான்.

தவணை முடியாத வண்டியை, "மிச்சத் தவணையை நீ கட்டிக்கோ" என்று வாங்குகிற வழக்கம் ஒன்றும் இருக்கிறது. இது சுத்த மோசம். 1967-ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டும்வரை அந்த வண்டி கடன் கொடுத்தவனுக்கே சொந்தம். அவனுக்குத் தெரியாமல் இரண்டு பேர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? நீங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தாலும் வண்டி உங்களுடையது ஆகாது. கட்டத் தவறினால் அவன் தூக்கிக்கொண்டு போவான், கட்டின காசுக்குக் கணக்குக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

இறந்துபோன அப்பாவின் மோட்டாரை மகன் ஓட்டுவதும் உண்டு. அதில் இருக்கிற பாசம் புரிகிறது. ஆனால் இறந்தவர் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து ஓட்டுவது ஓட்டைப் படகில் ஆற்றைக் கடப்பதுதான். மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜேபிஜேயிலும் அமானா ராயாவிலும் விசாரித்து, மகன் பெயருக்கோ தாய் பெயருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாதீர்கள். இந்த நாட்டில் நம்பர் பிளேட்டை எந்தக் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். ஒருவன் வண்டியின் நம்பரை இன்னொருவன் அடித்து மாட்டிக்கொள்வது புதுசு இல்லை. வண்டியின் இரும்பில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்துப் பார்த்து, கிராண்டில் இருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து இடித்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். "அது ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாங்கண்ணே" என்று சொல்பவனிடம், "அப்போ நீயே போய்த் திருத்திக் கொண்டா தம்பி" என்று சொல்லுங்கள்.

நம் இளைஞர்கள் சிலர் எழுத்தைச் சாய்த்து, எண்ணை நெருக்கி, ஏதோ பெயர் மாதிரி தெரிய நம்பரை எழுதுகிறார்கள். அதுவும் குற்றம்தான், அபராதம் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, வயசுக் கோளாறு. ஆனால் சாய்த்து எழுதின நம்பரை விபத்து நேரத்தில் ஒருத்தனாலும் படிக்க முடியாது என்பதை மட்டும் யோசிக்கட்டும்.

இப்போது டிரேட் பிளேட்டுக்கு வருகிறேன். இதை எழுதக் காரணமே அதுதான். மோட்டார்க் கடை வாசலில் சில வண்டிகளில் வேறு மாதிரி நம்பர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாநில எழுத்தோடு 'டிபி' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து நிற்கும். அது அந்த வண்டியின் நம்பர் கிடையாது. கடையின் நம்பர். இன்று காலை ஒரு மோட்டாரில் தொங்கும், மத்தியானம் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள்.

எதற்காக அப்படி ஒரு ஏற்பாடு? கடைக்காரனிடம் ஐம்பது வண்டி இருக்கிறது, எல்லாம் இன்னும் விற்காதவை. விற்காத வண்டியை யார் பேரில் பதிவது? பதிவு இல்லாமல் சாலையில் இறக்கவும் கூடாது. ஆனால் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குக் கொண்டுபோக வேண்டும், பதிவுக்கும் சோதனைக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். இந்த முட்டுக்கட்டை கார் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. இங்கிலாந்தில் முதன்முதலாக வண்டிகளுக்கு நம்பர் போடச் சொன்ன 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்திலேயே, வண்டி செய்கிறவனுக்கும் விற்கிறவனுக்கும் பொதுவாக ஓர் அடையாள நம்பர் கொடுக்க வழி வைத்தார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் அந்த வழக்கம் கப்பலேறி வந்தது. இந்தியாவிலும் வியாபாரிக்கு 'டிரேட் சர்ட்டிபிகேட்' என்ற பெயரில் அது இருக்கிறது. இங்கே ஜேபிஜே, வண்டி வியாபாரிக்குத் தனி லைசென்ஸ் கொடுத்து அந்த நம்பரைத் தருகிறது.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். நானும் மறுக்கவில்லை. வியாபாரி ஒவ்வொரு வண்டியையும் தன் பேரில் பதிந்து, பிறகு வாங்குகிறவன் பேருக்கு மாற்றினால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும். ஆனால் அதற்கு ஒரு வேலி இருக்கிறது. கடையின் காரியத்துக்கு மட்டும்தான் அந்தத் தகடு. சொந்தக் காரியத்துக்குக் கூடாது. ஒரே நேரத்தில் ஒரே வண்டிக்குத்தான். அதோடு சேர்ந்த இன்சூரன்சும் கடைக் காரியத்துக்கு எடுத்ததுதான்.

இந்த வேலியைத் தாண்டுகிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். தோட்டத்தில் வேலை வேண்டாம் என்று பட்டணத்து ஒர்க்‌ஷாப்பிலும் மோட்டார்க் கடையிலும் சேர்ந்த பையன்கள் எத்தனை பேர்! சனிக்கிழமை சாயங்காலம் கடைசி பஸ் போய்விட்டது. தவுக்கே சொல்கிறார்: "அந்த வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ, டிரேட் பிளேட் மாட்டிக்கோ, திங்கட்கிழமை கொண்டா." பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறான். வளைவில் ஒரு கார் இடிக்கிறது. அல்லது இவன் ஒரு கிழவரை இடிக்கிறான். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும்: "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனது எந்தக் கடைக் காரியம்?" அப்போது தவுக்கே என்ன சொல்வார்? "நான் கொடுக்கலே, அவனே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று சொன்னால், பையன் வேலையும் போய்த் திருட்டுப் பழியும் ஏறும். எல்லாத் தவுக்கேயும் அப்படிச் சொல்லமாட்டார்தான். ஆனால் சொல்லமாட்டார் என்பதற்கு உங்களிடம் என்ன எழுத்து இருக்கிறது?

பையன்களைப் பெற்றவர்களே, உங்கள் மகன் அப்படி ஒரு வண்டியில் வந்து இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். "இது யாரோட நம்பர்டா?" என்று கேளுங்கள். கடை வேலையாகத்தான் ஓட்டச் சொன்னாலும், எந்த வண்டி, எங்கே போக, எந்த நேரம் என்று கடை நோட்டில் ஒரு வரி எழுதித் தவுக்கேயின் கையெழுத்தை வாங்கச் சொல்லுங்கள். ஒரு வரிக்கு மை எவ்வளவு செலவாகிவிடும்? மறுக்கிற முதலாளிக்கு அந்தத் தகட்டை நம்பி வண்டி ஓட்டிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பையனுக்கும் இல்லை.

புது வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முன்பணம் கட்டியாகிவிட்டது, தைப்பூசத்துக்கு வண்டி வேண்டும் என்று அவசரம். "நம்பர் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் இந்த பிளேட்டை மாட்டிக்கிட்டு ஓட்டுங்க" என்று கடையில் யாராவது சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டு, "ரெண்டு நாள் கழிச்சே வர்றேங்க" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பேரில் நம்பர், உங்கள் பேரில் இன்சூரன்ஸ், இரண்டும் கையில் வந்த பிறகுதான் அது உங்கள் வண்டி. அதுவரைக்கும் அது கடைக்காரன் வண்டி, நீங்கள் வெளியாள்.

சரி, நம் பக்கம் தப்பில்லாமல் நடந்தும் வேறொருவன் நம்மை மோதிவிட்டால்? அங்கேயும் நம்பர்தான் உயிர். நம் நாட்டில் மூன்றாம் ஆளுக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீறி ஓட்டுகிறவன் மோதினால் என்ன செய்வது என்று, 1968-இலேயே இன்சூரன்ஸ் கம்பெனிகள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, மோட்டார் காப்புறுதியாளர் மன்றம் வழியாக ஈடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அதற்குக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க வேண்டும். தீர்ப்பு வாங்க எதிராளி ஒருவன் வேண்டும். எதிராளியைக் காட்ட நம்பர் வேண்டும். மோதிவிட்டுப் பறந்துவிட்ட வண்டியின் நம்பரை ஒருவரும் பார்க்கவில்லை என்றால், குடும்பம் நடுத்தெருவில்தான்.

ஆகவே விபத்தைப் பார்த்தவர்கள் முதலில் அடிபட்டவரைத் தூக்குங்கள், ஒருவர் மட்டும் நம்பரைப் பாருங்கள். கைபேசி இருந்தால் படம் பிடியுங்கள். அடிபட்டவரின் முகத்தைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்புகிற பாவத்தைச் செய்யாதீர்கள், வண்டியின் பின்பக்கத்தை எடுங்கள். படம் எடுக்க வசதி இல்லையா, மண்ணிலே குச்சியால் எழுதி வையுங்கள். ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்களும் அதே வேகத்தில் போய்க் கொடுக்க வேண்டும். "பேசித் தீர்த்துக்கலாம், இந்தா இருநூறு வெள்ளி" என்று சொல்லிக் கையில் திணிப்பவனிடம் ஏமாறாதீர்கள். இருநூறு வெள்ளி எக்ஸ்ரே படத்துக்கும் காணாது. காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி 6 ஆண்டு அவகாசம் உண்டு. இறந்தவரின் குடும்பம் கேட்பதானால் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி 3 ஆண்டுதான். கருமாதி முடிந்து, துக்கம் ஆறி, யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதற்குள் அந்த மூன்று ஆண்டு ஓடியே போய்விடுகிறது.

வேலைக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ நடந்த விபத்து என்றால் சொக்சோ பக்கமும் உரிமை உண்டு. அது 1969-ஆம் ஆண்டு சட்டம். 2019 ஜனவரி 1 முதல் நம்மோடு வேலை செய்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தக் காப்பு வந்துவிட்டது. அவர்களுக்கும் சொல்லுங்கள், மொழி தெரியாமல் தவிக்கிறார்கள்.

பெயர் மாற்றாமல் இருப்பது தொழிலாளியின் சோம்பல் என்று மேல்தட்டில் இருக்கிறவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பைராமிலிருந்தோ சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தோ செபராங் ஜெயாவில் இருக்கும் ஜேபிஜேக்குப் போவதென்றால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆபீஸ் திறந்திருக்கிற நேரம்தான் நமக்கு வேலை நேரம். விற்றவன் ஒரு நாள் பேர் இழக்க வேண்டும், வாங்கினவன் ஒரு நாள் பேர் இழக்க வேண்டும். எழுநூறு வெள்ளி மோட்டாருக்கு இரண்டு ஆள் கூலி போகிறது. போன இடத்தில் ஒரு தாள் குறைந்தால் மறுபடியும் இன்னொரு நாள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வார்த்தை பிறப்பது இங்கேதான். பெரிய பட்டணத்துக்காரனுக்கு இது புரியாது.

எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஜேபிஜேக்கு ஊர் ஊராகப் போகும் நடமாடும் முகப்பிடங்கள் இருக்கின்றன. அவை பட்டணத்துத் திடலில் நின்றால் போதாது. சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மண்டபத்தில் வந்து நிற்கட்டும். விற்றவனும் வாங்கினவனும் ஐசியோடு வந்து பெருவிரலை வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகட்டும். இதைக் கேட்டு எழுதுவதற்குத் தொழிற்சங்கத்துக் கிளைக்கும் கோயில் கமிட்டிக்கும் பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கும் ஒரு கடிதத்தாள்தான் செலவு. அதற்குள், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் 'மைஜேபிஜே' செயலியைக் கைபேசியில் இறக்கி, உங்கள் பெயரில் என்னென்ன வண்டி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என்றோ விற்றுத் தொலைத்த மோட்டார் இன்னும் உங்கள் பெயரில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு சிலர் திடுக்கிடப் போகிறீர்கள். 2023 பிப்ரவரி முதல் ரோட் டேக்ஸ் வட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டவேண்டியதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால், தேதி தாண்டியதும் கண்ணில் படாமல் போகிறது. அதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளியின் மோட்டாரைப் பற்றி இவ்வளவு பேசினோம். காலையில் பெரட்டு முடிந்து பெண்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டருக்கு நம்பர் உண்டா? பின்னால் இழுக்கிற தொட்டிக்கு உண்டா? "அது தோட்டத்து ரோட்டுல மட்டும்தான் ஓடுது, நம்பர் எதுக்கு?" என்று சில இடங்களில் பதில் வருகிறது. ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போக அரசாங்க ரோட்டைக் குறுக்கே தாண்டுகிற அந்த அரை நிமிடத்துக்கு என்ன பதில்? அதோடு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ரோடு' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போது, பொதுச் சாலையை மட்டும் சொல்லவில்லை, பொதுமக்கள் புழங்குகிற வேறு எந்தச் சாலையையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும் வெளியாட்கள் தினம் வந்துபோகிற தோட்டத்து ரோட்டை வெறும் தனியார் ரோடு என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியுமா? வக்கீல்கள் வாதாடட்டும். அதுவரைக்கும் பொறுக்காமல், அடுத்த கிளைக் கூட்டத்தில் பெண்களே எழுந்து கேளுங்கள்: "ஐயா, நாங்க ஏறிப் போற டிராக்டருக்கு நம்பர் என்னா? இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்? அதுலே ஆள் ஏத்தலாம்னு எழுதியிருக்கா?" பதிலை எழுத்தில் வாங்கிக் கூட்டக் குறிப்பில் பதிந்து வையுங்கள்.